போகிமான் போட்டிகளில் கார்ச்சோம்ப்: 102 என்ற வேக எண் தீர்மானிக்கும் வியூகம்

போகிமான் விளையாட்டுகளின் போட்டிக் களத்தில் தலைமுறைகள் மாறியும் இடம் இழக்காத டிராகன்களுள் முதன்மையானது கார்ச்சோம்ப். நிலத்தில் வாழும் சுறாவைப் போன்ற தோற்றமுடைய இந்த உயிரினம், நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி ஜப்பானில் வெளியான டயமண்ட், பேர்ல் ஆகிய விளையாட்டுகளில் அறிமுகமானது. கிபிள் என்ற சிறிய உயிரினம் 24-ஆம் நிலையில் கபைட்டாகவும், 48-ஆம் நிலையில் கார்ச்சோம்பாகவும் வளர்கிறது. அவ்விளையாட்டுகளின் இறுதிப் போட்டியாளரான சிந்தியா 66-ஆம் நிலைக் கார்ச்சோம்பைக் களமிறக்குவார். அதனிடம் தோற்றுத் திரும்பிய சிறுவர்களுக்கு அதன் பெயர் அன்றே மனத்தில் பதிந்துவிட்டது.

கதைப் பகுதியில் எதிராளியாக அச்சுறுத்திய உயிரினங்கள் பல, மனிதரோடு மனிதர் மோதும் போட்டிகளில் காணாமல் போயுள்ளன. கார்ச்சோம்ப் நிலைத்ததற்கு அதன் அடிப்படைத் திறன் எண்களே காரணம். உயிர்ப்புள்ளி 108, தாக்குதல் 130, தற்காப்பு 95, சிறப்புத் தாக்குதல் 80, சிறப்புத் தற்காப்பு 85, வேகம் 102. மொத்தம் 600. இதே மொத்தம் கொண்ட டிராகன்கள் வேறு சிலவும் உண்டு. அவற்றிலிருந்து கார்ச்சோம்பைப் பிரித்துக் காட்டுவது தாக்குதல் எண்ணான 130 அன்று. பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றும் 102 என்ற வேக எண்ணே.

இரண்டு புள்ளிகளின் மதிப்பு

போகிமான் மோதலில் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் மிகுந்தது முதலில் செயல்படும். ஒரே அடியில் வீழ்த்தக்கூடிய தாக்குதல்கள் நிறைந்த களத்தில், முந்துபவர் அடியே வாங்காமல் தப்புகிறார். வேகத்தில் 1 புள்ளி கூடினாலும் 100 புள்ளி கூடினாலும் பலன் ஒன்றே.

விளையாட்டை வடிவமைத்தவர்கள் ஏராளமான உயிரினங்களுக்கு 100 என்ற வட்டமான வேகத்தை வழங்கியுள்ளனர். சாலமன்ஸ், சாரிசார்ட், சாப்டோஸ், செலிபி, ஜிராச்சி, ஃப்ளைகான் ஆகிய அனைத்தும் அந்த வரிசையில் நெருக்கியடித்து நிற்பவை. கார்ச்சோம்ப் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு படி மேலே நிற்கிறது.

அதிகாரப்பூர்வ போட்டிகளில் எல்லா உயிரினங்களும் 50-ஆம் நிலைக்குச் சமன்படுத்தப்படும். ஓர் உயிரினத்துக்கு மொத்தம் 510 பயிற்சிப் புள்ளிகள் வழங்கலாம். ஒரே திறனில் அதிகபட்சம் 252. வேகத்துக்கு முழுப் பயிற்சி அளித்து, வேகத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தும் ஜாலி என்ற சுபாவத்தையும் தேர்ந்தெடுத்தால் கார்ச்சோம்பின் வேகம் 169 ஆகும். இதே பயிற்சி பெற்ற சாலமன்ஸ் 167-இல் நின்றுவிடும். இந்த இரண்டு புள்ளி இடைவெளியில்தான் முந்துவதும் வீழ்வதும் முடிவாகின்றன.

தாக்குதலை உயர்த்தும் அடமன்ட் சுபாவத்தை எடுத்தால் தாக்குதல் 182-இலிருந்து 200 ஆக உயரும். ஆனால் வேகம் 154 ஆகக் குறையும். 100 வரிசை முழுவதும் முன்னே சென்றுவிடும். ஆகவே வேகத்தைக் கூட்டும் கருவி ஏதும் இல்லாத கார்ச்சோம்புக்கு ஜாலி சுபாவமே பொருத்தம் என்ற முடிவுக்கு அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் நெடுநாள்களுக்கு முன்பே வந்துவிட்டனர்.

நிலமும் டிராகனும்

கார்ச்சோம்ப் டிராகன், நிலம் என இரு வகைகளையும் சேர்ந்தது. 2013 வரை டிராகன் தாக்குதலைத் தாங்கும் வகை எஃகு ஒன்றே. அந்த எஃகோ நிலத் தாக்குதலுக்கு இருமடங்கு பலவீனமானது. ஆகவே அவுட்ரேஜ், எர்த்குவேக் என்ற இரு தாக்குதல்களை மட்டும் வைத்துக்கொண்டே களத்தின் பெரும்பகுதியைக் கார்ச்சோம்ப் கலங்கடித்தது. பறக்கும் எஃகான ஸ்கார்மரி, மிதக்கும் எஃகான பிரான்சாங் ஆகியவை விதிவிலக்குகள். ஒரு நெருப்புத் தாக்குதலைக் கூடுதலாகக் கற்பித்து அவற்றுக்கும் வழி கண்டனர்.

தற்காப்பிலும் இந்தக் கூட்டணி பயன் தருகிறது. மின்சாரத் தாக்குதல் இதன்மீது செல்லாது. நெருப்பு, நஞ்சு, பாறை ஆகியவை பாதியளவே தாக்கும். ஆனால் பனித் தாக்குதல் நான்கு மடங்காகப் பாயும். கார்ச்சோம்பை வீழ்த்த நினைக்கும் எவரும் முதலில் தேடுவது பனியையே.

அந்தப் பலவீனத்தையே பொறியாக மாற்றியது டயமண்ட்–பேர்ல் கால ஆட்டக்காரர்களின் சாமர்த்தியம். பனித் தாக்குதலின் பாதிப்பை ஒருமுறை மட்டும் பாதியாக்கும் யாச்சே பெர்ரியைக் கார்ச்சோம்பின் கையில் கொடுத்தனர். எதிராளி நம்பிக்கையோடு பனித் தாக்குதலை ஏவும் அதே சுற்றில், கார்ச்சோம்ப் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் மூலம் தன் தாக்குதலை இருமடங்காக்கிக்கொள்ளும். அடியைத் தாங்கிவிட்டால் அடுத்த சுற்றிலிருந்து அதைத் தடுத்து நிறுத்துவது அரிது.

தடையும் மணற்புயலும்

ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டத்துக்கு விதிகள் வகுக்கும் ஸ்மோகன் என்ற ஆட்டக்காரர் சமூகம், டயமண்ட்–பேர்ல் காலத்திலேயே கார்ச்சோம்பைப் பொதுப் பிரிவிலிருந்து விலக்கி, புராண உயிரினங்களுக்கான உச்சப் பிரிவுக்கு அனுப்பியது. புராணத் தகுதி இல்லாத சாதாரண உயிரினம் ஒன்றுக்கு இது பெரிய அங்கீகாரம் என்றும் கொள்ளலாம்.

தடையை ஒட்டிய விவாதத்தில் பலம் மட்டும் பேசப்படவில்லை. கார்ச்சோம்பின் இயல்புத் திறனான சாண்ட் வெயில், மணற்புயல் வீசும்போது எதிராளியின் குறியைத் தவறவைக்கும். தவறவே தவறாது என நம்பப்படும் தாக்குதலும் ஐந்தில் ஒருமுறை வீணாகும். அக்காலத்தில் டைரானிடார் களமிறங்கியவுடன் எழும் மணற்புயல், வானிலையை வேறு ஒன்று மாற்றும் வரை ஓயாது. சரியான உயிரினத்தை, சரியான நேரத்தில், சரியான தாக்குதலோடு அனுப்பிய ஆட்டக்காரர், அந்த ஒரே தவறலால் முழு ஆட்டத்தையும் இழக்க நேர்ந்தது. பல வாரத் தயாரிப்பை ஒரு தற்செயல் அழிப்பது நியாயமா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

அடுத்து வந்த பிளாக்–வைட் காலத்திலும் இதே பூசல் தொடர்ந்தது. கார்ச்சோம்ப் மீண்டும் விலக்கப்பட்டது. பின்னர் வேறு கோணத்தில் தீர்வு காணப்பட்டது. சாண்ட் வெயில் திறனைத் தடைசெய்துவிட்டு, ரஃப் ஸ்கின் என்ற மறைத்திறன் கொண்ட கார்ச்சோம்பைப் பொதுப் பிரிவில் அனுமதித்தனர். குற்றம் உயிரினத்திடம் இல்லை, தற்செயலை வளர்க்கும் திறனிடமே உள்ளது என்ற அந்தப் பகுப்பு பொருத்தமானதே. அதன்பின் கார்ச்சோம்ப் வலிமையான, ஆனால் எதிர்கொள்ளத்தக்க உயிரினமாகவே அங்கு நீடித்தது.

ரஃப் ஸ்கின் புதிய வாசலையும் திறந்தது. உடலைத் தொட்டுத் தாக்குபவர் தம் முழு உயிர்ப்புள்ளியில் எட்டில் ஒரு பங்கை இழப்பார். ஆறில் ஒரு பங்கைப் பறிக்கும் ராக்கி ஹெல்மெட்டும் சேர்ந்தால், ஒரே தொடுதலில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். முந்தி அடிக்கும் வீரனாக மட்டுமே கருதப்பட்ட கார்ச்சோம்ப், எதிரணியின் பக்கம் ஸ்டெல்த் ராக் கற்களைப் பரப்பிவிட்டு அடிகளைத் தாங்கி நிற்கும் சுவராகவும் மாறியது.

தேவதை வகையின் வருகை

2013 அக்டோபரில் வெளியான எக்ஸ், ஒய் விளையாட்டுகள் தேவதை என்ற புதிய வகையைக் கொண்டுவந்தன. டிராகன் தாக்குதல் தேவதையின்மீது சிறிதும் செல்லாது; தேவதையின் தாக்குதலோ டிராகனை இருமடங்கு வதைக்கும். அவுட்ரேஜ் 120 பலம் கொண்டதாயினும், தொடங்கிவிட்டால் இரண்டு அல்லது மூன்று சுற்றுகளுக்கு நிறுத்த முடியாது. முடிந்ததும் குழப்பம் பீடிக்கும். தேவதை குறுக்கே வந்தால் அந்தச் சுற்றுகள் அனைத்தும் வீண். தேவதை, பறவை ஆகிய இரு வகைகளையும் கொண்ட டோகேகிஸ், கார்ச்சோம்பின் டிராகன், நிலம் என்ற இரு ஆயுதங்களையும் செயலிழக்கச் செய்தது. பாறைத் தாக்குதல் கட்டாயத் தேவையானது அதன் பிறகே.

அதே விளையாட்டுகளில் மெகா கார்ச்சோம்பும் வந்தது. தாக்குதல் 130-இலிருந்து 170 ஆனது. ஆனால் வேகம் 102-இலிருந்து 92 ஆகச் சரிந்தது. காகிதத்தில் வலிமையேறிய இந்த வடிவத்தைப் பலர் கையாளத் தயங்கினர். 100 வரிசையை முந்தும் உரிமையைக் கொடுத்துவிட்டுப் பலத்தைப் பெறுவது, இந்த உயிரினத்தைப் பொறுத்தவரை நட்டக் கணக்காகவே பெரும்பாலும் முடிந்தது.

இருவர் ஆட்டத்தில் கூட்டாளி

அதிகாரப்பூர்வ உலகப் போட்டிகள் இரண்டுக்கு இரண்டு என்ற முறையில் நடைபெறுகின்றன. ஆறு உயிரினங்களில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் இரண்டைக் களத்தில் நிறுத்த வேண்டும். இங்கு எர்த்குவேக் எதிரிகள் இருவரோடு பக்கத்தில் நிற்கும் கூட்டாளியையும் தாக்கும்; பலரைத் தாக்குவதால் அதன் வலிமையும் முக்கால் பங்காகும். எனவே கார்ச்சோம்பின் அருகில் டாலன்ஃப்ளேம் போன்ற பறவையையோ, மிதக்கும் ரோட்டமையோ நிறுத்துவது வழக்கமானது. அத்தகைய துணை இல்லாத சுற்றில், கூட்டாளி புரொடெக்ட் மூலம் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். எதிரிகளை மட்டும் தாக்கும் ராக் ஸ்லைட், 30 விழுக்காடு வாய்ப்பில் எதிரியை அந்தச் சுற்றில் செயலிழக்கச் செய்யும். முந்துபவருக்கு மட்டுமே பயன்படும் இந்த வாய்ப்பும் 102 என்ற வேகத்தால் கிடைப்பதே.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டனில் நடைபெற்ற உலகப் போட்டியில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க் வாகை சூடினார். பச்சிரிசு என்ற சிறிய அணிலை அவர் பயன்படுத்தியதே இன்றுவரை பேசப்படுகிறது. அந்த அணியில் கார்ச்சோம்பும் இருந்தது. எதிரிகளின் அடியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்ட பச்சிரிசு, தன் அருகில் நிற்பவருக்குத் தடையின்றித் தாக்க இடம் தந்தது. 2015-இல் பழைய உயிரினங்களும் அனுமதிக்கப்பட்டபோது, எதிரிகளின் தாக்குதலை மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கும் லாண்டோரஸ் திரும்பி வந்து, நில வகைக்கான இடத்தைப் பல அணிகளில் பிடித்துக்கொண்டது. லாண்டோரஸின் அடிப்படை வேகம் 91 மட்டுமே. ஆயினும் கூட்டாளிக்கு உதவும் திறனில் அது முந்திவிட்டது.

கையில் என்ன கொடுப்பது

இரு கார்ச்சோம்ப்கள் நேருக்கு நேர் சந்திக்கும் தருணம் கருவித் தேர்வின் முக்கியத்துவத்தை விளக்கும். இரண்டும் ஜாலி சுபாவமுடையவை எனில், இரண்டின் வேகமும் 169. யார் முந்துவார் என்பதை விளையாட்டே குலுக்கலில் முடிவு செய்யும். தற்காப்புப் பயிற்சி பெறாத கார்ச்சோம்பின் உயிர்ப்புள்ளி 183. அதன்மீது டிராகன் கிளா ஏவினால் 144 முதல் 170 வரை மட்டுமே குறையும். எதிரி பிழைத்துத் திருப்பி அடிக்கும். தாக்குதலை 1.3 மடங்காக்கும் லைஃப் ஆர்ப் இருந்தால் குறைந்தபட்ச இழப்பே 187. எதிரி தப்ப வழியில்லை. ஆனால் முந்துவதற்கு அப்போதும் குலுக்கலையே நம்ப வேண்டும்.

குலுக்கலைத் தவிர்க்க விரும்புபவர்கள் சாய்ஸ் ஸ்கார்ஃப் அணிவிக்கின்றனர். ஒரே தாக்குதலைத் திரும்பத் திரும்ப ஏவ வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு ஈடாக வேகம் ஒன்றரை மடங்காகும். அடமன்ட் கார்ச்சோம்பின் 154 அப்போது 231 ஆகிவிடும். அடிப்படை வேகம் 135 கொண்ட ஃபிளட்டர் மேன் போன்றவை முழுப் பயிற்சியில் எட்டுவது 205 என்பதால், இங்கு மட்டும் அடமன்ட் சுபாவம் தாராளமாகப் பொருந்துகிறது. எதிராளியின் பனித் தாக்குதலுக்கு அஞ்சுபவர்கள், முழு உயிர்ப்புள்ளியில் இருந்து வாங்கும் ஓர் அடியை 1 புள்ளியோடு தாங்கவைக்கும் ஃபோகஸ் சாஷைக் கொடுக்கின்றனர். எனினும் மாமோஸ்வைன் ஏவும் ஐஸ் ஷார்ட் வேக வரிசையை மீறி முன்னே பாய்வதால், முன்பே சிறிது அடி வாங்கிய கார்ச்சோம்புக்கு 169 வேகமும் ஃபோகஸ் சாஷும் உதவமாட்டா.

பின்னாளில் கிடைத்த ஸ்கேல் ஷாட், அவுட்ரேஜுக்கு நல்ல மாற்றாக அமைந்தது. ஒவ்வொன்றும் 25 பலமுள்ள அடிகளை இரண்டு முதல் ஐந்து வரை அடுக்கும் இத்தாக்குதல், தற்காப்பைச் சற்றுக் குறைத்து வேகத்தை ஒன்றரை மடங்காக்கும். ஸ்கார்ஃப் இன்றியே 253 வேகத்தை எட்டலாம், கட்டுப்பாடும் இல்லை.

2022 நவம்பரில் வெளியான ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளில் ஓர் ஆட்டத்தில் ஒருமுறை மட்டும் உயிரினத்தின் வகையையே மாற்றும் டெராஸ்டல் முறை வந்தது. எஃகாக மாறும் கார்ச்சோம்ப், தன்னை அச்சுறுத்திவந்த பனி, டிராகன், தேவதை ஆகிய மூன்றையும் ஒரே நொடியில் பாதியளவாக்கிவிடும். நில, டிராகன் தாக்குதல்களின் கூடுதல் வலிமையும் குறையாது. பதிலுக்கு மின்சாரம் இனி தாக்கும். நிலம், நெருப்பு, சண்டை ஆகியவை இருமடங்காகப் பாயும். எதிரே நிற்பதும் ஒரு கார்ச்சோம்ப் எனில், டிராகன் கிளாவைத் தவிர்க்க எஃகாக மாறியது எர்த்குவேக்கில் வீழ்ந்துவிடும். எதிராளி எந்தத் தாக்குதலைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று கணிக்காமல் அந்த ஒரு வாய்ப்பைச் செலவிட அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் துணிவதில்லை.