கடைசி வேலை நாளும் ஒரு சத்துணவுத் தட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று சாயங்காலம் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வரும்போது நாலைந்து பிள்ளைகள் எதிரே ஓடி வந்தார்கள். வெள்ளைச் சட்டை முழுக்க ஸ்கெட்ச் பேனா கோடு. "லீவு விட்டாச்சு டீச்சர்!" என்று கத்திக்கொண்டே போனார்கள். அவர்களை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. டீச்சர் என்று எப்படித் தெரிந்ததோ, முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தால் முகத்திலேயே எழுதி ஒட்டிவிடும்போல.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், இப்போது வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் குரூப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "டீச்சர், கடைசி வேலை நாளில் போடுற சத்துணவு சாம்பார் மட்டும் எப்படி அவ்வளவு நல்லா இருக்கும்?" காரணம் சின்னதுதான். லீவு விட்டால் காய்கறி கெட்டுப்போகும், பொடி வண்டு பிடிக்கும். அதனால் ஆயா மிச்சம் மீதி எல்லாவற்றையும் அன்றைக்கே அண்டாவில் போட்டுவிடுவார். நீங்கள் ருசித்தது சமையலறையைக் காலி செய்த சாம்பார்.

அந்தக் கேள்வி எனக்கு வேறொரு நாளை ஞாபகப்படுத்திவிட்டது. அதைச் சொல்வதற்கு முன், பள்ளிக்கூடத்துக்குள் சோறு வந்த கதையைச் சொல்கிறேன். வாத்தியார் புத்தி, முன்கதை சொல்லாமல் பாடம் தொடங்க வராது.

சத்துணவு என்றால் எம்.ஜி.ஆர்., மதிய உணவு என்றால் காமராஜர் என்று நாம் சொல்லிக்கொடுத்தோம். தப்பில்லை. ஆனால் அதற்கும் முன்னாலேயே, 1920-ல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. பிள்ளைகளின் வருகை கூடியது, இன்னும் சில பள்ளிகளுக்கும் விரித்தார்கள். பிறகு கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்ததால் 1925-ல் நின்றது. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது கல்விச் செலவா, இல்லையா? இந்தக் கேள்விக்கு நூறு வயதாகிவிட்டது. இன்றும் யாராவது ஒருவர் டீக்கடையில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு தொடங்கியபோது, பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. அவர் நம் பக்கத்துக்காரர். காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கம் சொந்த ஊர். அப்போது அரசாங்கத்திடம் காசு கிடையாது. ஊர்மக்கள் கொடுத்ததை வைத்துத்தான் பல இடங்களில் அடுப்பு எரிந்தது. அரசு பங்கு கொடுக்க வந்த பிறகும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசு அரசு, நாலு காசு ஊர் என்று வைத்தார்கள். அந்த நாலு காசை ஊரார் பணமாகக் கொடுத்தது குறைவு. அறுப்புக் காலத்தில் நெல், தோட்டத்துக் கத்தரிக்காய், விறகு, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்றுதான் வந்தது.

அதே சூட்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல் மாநாடு 1958-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த கடம்பத்தூரில். நம் பிள்ளைகளில் அரக்கோணம் ரயிலில் போகிறவர்கள் தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டுகிறீர்கள், யாருக்காவது தெரியுமா? பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊரார் முன் வைப்பார்கள். ஒருவர் நிலம், ஒருவர் பெஞ்சு, ஒருவர் மணி, ஒருவர் தண்ணீர்ப் பானை. கொடுத்தவர் பெயரை எழுதிவைப்பார்கள். இப்போது கல்விச் சீர் என்று தாம்பூலத்தட்டோடு ஊர்வலமாகப் பள்ளிக்குச் சாமான் கொண்டு வருகிறார்களே, அதற்குத் தாத்தா அந்த மாநாடுதான்.

நான் முதல் வகுப்பில் சேர்ந்தது 1966-ல், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். எங்களுக்குச் சோறு கிடைத்தது குறைவு. அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவை, மக்காச்சோள மாவு, பால் பவுடர், எண்ணெய். மஞ்சளாக ஒரு உப்புமா, நடுவில் கரண்டியை நட்டால் சாயாது. பால் பவுடரை வெறும் வாயில் போட்டுக்கொண்டு மேலண்ணத்தில் ஒட்டவைப்பது எங்களுக்கு விளையாட்டு. என் தம்பி இன்னும் அந்த வாசனையைச் சொல்வான். எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் இல்லாததால் நான் அதைத் தின்பண்டமாகத் தின்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதுதான் அன்றைய சாப்பாடு என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தார். 1984-ல் பத்தாம் வகுப்பு வரை வந்தது. ஊர்க்காசை நம்பியிருந்த அடுப்பு அரசாங்க அடுப்பானது அப்போதுதான். இன்னொன்றும் நடந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று வேலைகள். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் எத்தனையோ பேர் அந்த வேலைக்கு வந்தார்கள். சம்பளம் சொற்பம்தான். ஆனால் பள்ளிக்கூட வளாகத்துக்குள் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு பெண்ணும் பிள்ளைகளுக்குப் பெரியவராக நின்றார். முட்டை 1989-ல் வந்தது, முதலில் பதினைந்து நாளைக்கு ஒன்று. வாரத்துக்கு ஐந்து ஆனது 2010-ல்.

இப்போது காலைச் சிற்றுண்டியும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற சில மாதத்தில் இது வந்தது. காலை பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைக்கு என் டப்பாவிலிருந்து இட்லி கொடுத்த காலம் முடிந்தது என்று சந்தோஷம். இரண்டு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று கொஞ்சம் ஆற்றாமையும்.

இவ்வளவு இருந்தும் ஒரு ஓட்டை உண்டு. தொடக்கப் பள்ளிக்கு வருஷத்தில் 220 வேலை நாள் என்ற கணக்கில்தான் நாங்கள் பதிவேடு மூடினோம். 220 போனால் மீதி 145. அந்த 145 நாள் அடுப்பு எரியாது. நம் நாட்டில் இதை யாரும் யோசிக்காமல் இல்லை. எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரவேண்டும் என்று 2001 நவம்பர் 28-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2004 ஏப்ரலில் வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் போடவேண்டும் என்றது. வறட்சி என்று அறிவித்தால்தான் அது. ஏரி நிறைந்திருக்கும் ஊரில் ஒரு வீட்டில் மட்டும் வறட்சி இருந்தால்?

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

1994 ஏப்ரல். எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை, படித்தவர்களுக்குத் தெரியும். உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் 60 எவர்சில்வர் தட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் 'அன்பளிப்பு' என்று வெட்டி, கீழே எண் போட்டிருக்கும். கடைசி வேலை நாளில் எல்லாவற்றையும் எண்ணி அறைக்குள் வைத்துப் பூட்டுவது வழக்கம். அன்றைக்கு 59 தான் இருந்தது. மறுபடி எண்ணினோம். 59. அப்போதைய தலைமை ஆசிரியர், "தட்டு உன் பொறுப்புதானே, நீதான் கட்டணும்" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். "வீட்டுல போய் நல்லாத் தேடிப் பாரு" என்று ஒரு வார்த்தை கூடுதலாக வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயா பதில் பேசவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.

நான் அங்கேயேதான் இருந்தேன். ஆயா எடுத்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தேர்ச்சிப் பட்டியல் எழுதுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மே மாதம் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போவோம் அல்லவா, அப்படி ஏரியை ஒட்டியிருந்த குடிசைப் பக்கம் போனேன். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீடுகள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வாசலில் நின்றாள். உள்ளே சுவரோரமாக அந்தத் தட்டு. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இது என்ன பாப்பா?" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அப்பா இனிமே ஸ்கூலுக்குப் போவேணாம், தம்பியப் பாத்துக்கன்னுட்டாரு டீச்சர். தட்டு எங்கிட்ட இருந்தா, கேக்கறதுக்கு நீங்க வருவீங்கல்ல?"

அவள் அப்பாவிடம் பேச மூன்று முறை போனேன். ஜூனில் தம்பியையும் தூக்கிக்கொண்டே வந்தாள். பக்கத்து அங்கன்வாடியில் அவனைச் சேர்த்தோம். ஐந்தாவது முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள்.

தட்டை நானே அறையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அந்தப் பெண்ணைத் திருடி என்பார்கள் என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, தலைமை ஆசிரியரிடம் போய் நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒருநாள் சமையலறையில் யாரும் இல்லாதபோது ஆயாவிடம் தட்டு கிடைத்துவிட்டது என்று சொல்லி இருபது ரூபாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "பணம் சரி டீச்சர். அன்னிக்கு எல்லாரும் இருக்கச்சே சொன்னாங்க. இன்னிக்கு யாரும் இல்லாதப்போ குடுக்கறீங்க."

அதற்கப்புறமும் நாங்கள் நல்லபடியாகத்தான் பழகினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடு முழுகி ஜனங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கினார்களே, அப்போது ஆயாவுக்கு வேலைக்காலம் முடிந்திருந்தது. யாரும் கூப்பிடாமலே வந்து அடுப்படியில் நின்றார். தக்காளி சாதம் கிண்டிய அந்தப் பெரிய கரண்டியை வேறு யாரிடமும் தரவில்லை. நான் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். நான்கு நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அப்போதாவது அந்த விஷயத்தைப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

போன ஐப்பசியில் ஆயா காலமாகிவிட்டார். நான் போய் மாலை போட்டேன். வாசலில் நின்ற இரண்டு பேர் என் பழைய மாணவர்கள், 1994-ல் ஐந்தாவது படித்தவர்கள். அதில் ஒருவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "நல்ல மனுஷி டீச்சர். என்ன, ஒருதடவை தட்டு விஷயத்துல மாட்டிக்கிச்சு, பாவம்." முப்பது வருஷம் அது அப்படியே அவர் மனதில் இருந்திருக்கிறது. அங்கேயும் நான் சட்டென்று பதில் சொல்லவில்லை, கும்பலாக இருந்தது.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராவது இதைப் படிக்கிறீர்கள். ஆயா தட்டை எடுக்கவில்லை. எடுத்தது யார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவர் மகன் பெருங்களத்தூரில் டிபன் கடை வைத்திருக்கிறார், முகநூலில் இல்லை. இந்தப் பதிவை அச்செடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போகிறேன். கூட வர நினைக்கிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.