குழாயா, லாரியா?

6,000 லிட்டர் கொள்ளும் கழிவுநீர் லாரி ஒன்று, இருட்டில் ஆற்றோரம் வால்வைத் திறந்துவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செப்டிக் டேங்க் கசடின் ஆக்சிஜன் தேவை (பி.ஓ.டி.) லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், அந்த ஒரு லோடுக்கு மட்டும் 30 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் வெயிலில் ஒரு லிட்டர் நல்ல ஆற்றுநீரில் கரைந்திருப்பதோ ஏழரை மில்லிகிராம்தான். 40 லட்சம் லிட்டர் தண்ணீரின் மூச்சு ஒரு லாரிக்குப் போய்விடுகிறது. மீன் செத்து மிதக்க விஷமே தேவையில்லை.

இதைத் தடுக்கச் சிறுநகரங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பாதாளச் சாக்கடை போட்டுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது. மற்றொன்று, செப்டிக் டேங்குகளை அப்படியே விட்டு, கசடை லாரியில் கொண்டுவந்து சுத்திகரிப்பது.

இரண்டாம் வழிக்குத் தமிழ்நாட்டின் முதல் உதாரணம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழிப் பேரூராட்சி. 2017 முதல் இயங்கும் அந்த நிலையம் நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கசடைக் கையாளக் கூடியது. பக்கத்து மதுராந்தகத்தின் லாரிகளும் அங்கேதான் வருகின்றன. மதுராந்தகம் ஏரியின் உபரிநீர் கிளியாறாக ஓடிப் பாலாற்றில் சேர்கிறது. அதனால் அங்கே தடுக்கப்படும் ஒவ்வொரு லோடும் பாலாற்றுக்குக் கிடைத்த லாபம்.

இந்த முறையின் உயிர் உலர்படுக்கை. கீழே ஜல்லி, மேலே மணல், அதன்மேல் கறுப்புக் கூழாகக் கசடு. தண்ணீர் மணல்வழியே கீழிறங்கித் தனியாகச் சுத்திகரிப்புக்குப் போகிறது. மேலே தங்கியது வெயிலில் காய்ந்து, கோடைக்கால ஏரித்தரைபோல் வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்கிறது. மண்வெட்டியால் அள்ளி மக்கவைத்தால் உரம். மின்சாரத்தை அதிகம் நம்பாத வேலை இது.

குழாய்வழி நிலையத்தில் உழைப்பது பாக்டீரியா. ப்ளோயர் ஓயாமல் காற்றடிக்க, ஏரேஷன் தொட்டியில் பழுப்பு நீர் கொதிப்பதுபோல் குமிழ்கிறது. ஆபரேட்டர் அதில் ஒரு லிட்டரைக் கண்ணாடி உருளையில் எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைப்பார். பஞ்சு பஞ்சாகச் சேறு அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்தால் தொட்டி நலம். கலங்கியே நின்றால் பாக்டீரியாவுக்கு ஏதோ கோளாறு. 2017 விதிப்படி, பெருநகரல்லாத ஊர்களில் வெளியேறும் நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

அளவில் இரண்டும் எட்டாத தூரத்தில் நிற்கின்றன. 30,000 பேர் வாழும் ஊரில் தலைக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுத்து, அதில் 80 சதவீதம் கழிவானால், நாளொன்றுக்குச் சுமார் 32 லட்சம் லிட்டர். குளியலறை, சமையலறை நீர் உட்பட அத்தனையையும் ஏந்துவது குழாய்தான். லாரி முறை கசடை மட்டுமே பிடிக்கும். சோப்புநீர் திறந்த சாக்கடை வழியே ஆற்றுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். இந்தக் குறையை மறைத்துக் கருங்குழி வழியைப் புகழ்வது சரியல்ல.

ஆனால் குழாய்க்குப் பணம் வேண்டும், பம்பிங் ஸ்டேஷனுக்குத் தடையில்லா மின்சாரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டு இணைப்பு வேண்டும். 2000-வாக்கில் ஆலந்தூர் நகராட்சியில் மக்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டித் திட்டத்தை நகர்த்தினார்கள். அந்த ஈடுபாடு இல்லாத ஊரில் தெருவெல்லாம் தோண்டப்பட்டிருக்கும், வீடுகள் பழைய செப்டிக் டேங்கிலேயே நிற்கும், நிலையம் பாதி வயிற்றோடு ஓடும்.

என் தீர்ப்பு இதுதான்: சிறிய பேரூராட்சிகள் குழாய்க்காகப் பத்தாண்டு காத்திருக்க வேண்டாம். கசடு நிலையத்தை முதலில் கட்டட்டும், வீடுதோறும் சோப்புநீருக்கு உறிஞ்சுகுழி அமைக்கட்டும். நெருக்கமான, ஆற்றை ஒட்டிய வார்டுகளுக்குக் குழாய் பிறகு வரட்டும்.

நம் பங்கும் இருக்கிறது. செப்டிக் டேங்க் கசடை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். லாரி வந்ததும், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள்.