கலுண்ட்போர்க்: பெயருக்கு முந்திய கூட்டுவாழ்வு

ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருளாகும் ஏற்பாட்டைத் 'தொழிலகக் கூட்டுவாழ்வு' என்பர். அதற்குப் பாடநூல்கள் தவறாமல் காட்டும் சான்று, டென்மார்க்கின் துறைமுக நகரமான கலுண்ட்போர்க். அந்நகரின் வரலாற்றைக் கால வரிசையில் வாசித்தால், அங்கே முன்கூட்டிய பெருந்திட்டம் எதுவும் இருந்ததில்லை என்பது புலப்படும்.

தொடக்கம் தண்ணீர்ப் பற்றாக்குறை. 1961இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக, அளவோடு கிடைத்த நிலத்தடி நீரைத் தவிர்த்து, டிஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் பதிக்கப்பட்டது. அவ்வாலையின் உபரி வாயுவை நம்பி 1972இல் ஜிப்சம் பலகைத் தொழிற்சாலை வந்தது. 1976 முதல் நோவோ நிறுவனத்தின் நொதித்தல் கசடு வயல்களுக்கு உரமாயிற்று. 1979இல் ஆஸ்னேஸ் அனல்மின் நிலையத்தின் சாம்பல் சிமென்ட் உற்பத்திக்குச் சென்றது. 1980களின் தொடக்கத்தில் அந்நிலையத்தின் நீராவி சுத்திகரிப்பு ஆலைக்கும் நோவோவுக்கும், வெப்பம் நகரத்து வீடுகளுக்கும் பாய்ந்தன.

இவை ஒவ்வொன்றும் இரு தரப்பினர் தமக்குள் பேசி முடித்த தனி ஒப்பந்தம். செலவுக் கணக்கும் சுற்றுச்சூழல் விதிகளும் மேலாளர்களிடையே நிலவிய அறிமுகமும் அவற்றைச் சாத்தியமாக்கின. 'கூட்டுவாழ்வு' என்னும் பெயர் 1989இல்தான் சூட்டப்பட்டது.

பெயர் பரவியதும் அது வரைபடமாகக் கொள்ளப்பட்டது. 1990களில் அமெரிக்காவில் திட்டமிடப்பட்ட 'சூழலியல் தொழிற்பூங்கா'க்களுள் பல நிலைபெறவில்லை. புதிதாக வடிவமைப்பதைவிட, ஏற்கெனவே நிகழும் பரிமாற்றங்களைக் கண்டறிந்து வளர்ப்பதே பயனளிக்கும் என மரியன் செர்டோ 2007இல் வாதிட்டார். மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூடு தொழிற்பேட்டையை அவரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே கழிவுப்பொருள்களின் பெரும்பகுதி முன்பே மறுபயன்பாட்டில் இருந்ததைக் காட்டியது.

எனினும் இவ்வுறவுகளுக்கு மற்றொரு முகம் உண்டு. 1993 முதல் ஆஸ்னேஸின் புகையிலிருந்து கந்தகத்தை அகற்றும்போது உண்டான ஜிப்சம், பலகைத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாயிற்று. பின்னாளில் அம்மின்நிலையம் நிலக்கரியைக் கைவிட்டு மரச்சில்லுகளுக்கு மாறியது. நிலக்கரி எரியாத இடத்தில் அதன் கந்தகத்திலிருந்து ஜிப்சம் பிறக்காது. கழிவை வாங்கும் ஆலைக்கு அக்கழிவு ஓயாமல் வருவதே தேவை. சூழலுக்கோ அது நிற்பதே நன்மை. அனல்மின் சாம்பலைப் பெருமளவில் நம்பியுள்ள இந்தியச் சிமென்ட் தொழிலும் இம்முரணை ஒருநாள் எதிர்கொண்டாக வேண்டும்.