வீட்டையே சித்திரசாலையாக்கியவர்

சித்திரம் என்பது செல்வர் மாளிகைச் சுவருக்கே உரியது என்றும், உழைத்துண்போர் அதனைக் காண விழைந்தால் எட்ட நின்று பார்த்துப் போவதே முறை என்றும் எண்ணுவோர் இன்னும் உளர். பொதுப்பணத்தில் கட்டிய காட்சிசாலைகளிலுங்கூட, வாயிற்காவலனைக் கண்டதும் எளியோர் மனம் பாதி திரும்பிவிடுகிறது. வாயிலில் நிறுத்தப்படுவது எத்தகையது என்பதை நம்மவர்க்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே, தான் குடியிருந்த வீட்டையே பிறர் வந்து நாற்காலியில் அமர்ந்து காணும் சித்திரசாலையாக்கி, ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் நடத்திய ஒருவரின் வரலாற்றை இங்கு எழுதப் புகுந்தோம்.

ஹாரோல்டு ஸ்டான்லி ஈட் என்பார் 1895-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். நண்பர்கள் ஜிம் என்றே அழைத்தனர். முதலில் ஓவியம் பயின்றார். 1914-இல் மூண்ட மகாயுத்தம் அப்படிப்பை இடைமுறித்தது. போரினின்று மீண்டு, சிறிது காலம் மறுபடியும் பயின்றபின், லண்டன் மாநகரின் டேட் சித்திரசாலையில் உதவி அதிகாரியாக அமர்ந்தார். இளைஞர் தீட்டிய புதுமுறை ஓவியங்களில் அவர் கொண்ட பற்று மேலிடத்தாருக்கு உவப்பாக இல்லை. ஊதியமோ குறைவு. எனினும் பென் நிக்கல்சன் என்னும் நண்பரின் விலைபோகாத படங்களைத் துணிக்கும் சட்டத்துக்கும் ஆன செலவை மட்டும் கொடுத்து வாங்கிவந்தார். யுத்தத்தில் 1915-ஆம் ஆண்டு தம் இருபத்துமூன்றாம் வயதில் மாண்ட சிற்பி ஹென்றி கோடியே-பிரெஸ்காவின் படைப்புக்கள் உரிமை கோருவாரின்றி அரசினர் கைக்கு வந்து, வேண்டுவாரின்றிக் கிடந்தபோது, அவற்றுட் பெரும்பகுதியை வாங்கிக் காத்தவரும் இவரே. அச்சிற்பியின் வாழ்க்கையை நூலாகவும் எழுதினார்.

இவற்றினும் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஆல்பிரட் வாலிஸின் கதை. 1855-இல் பிறந்த வாலிஸ், இளமையிலேயே கடலோடியாகி, பின்னர் கார்ன்வால் கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊரில் கப்பற் பழஞ்சாமான்களை வாங்கி விற்றுப் பிழைத்தவர். 1922-இல் மனைவி இறந்தாள். தனிமை பொறாத கிழவர், ஏறத்தாழ எழுபதாம் வயதில், துணைக்கென்று படம் எழுதத் தொடங்கினார். பள்ளியில் ஓவியம் பயின்றவரல்லர். மளிகைக் கடைக்காரர் தரும் அட்டைத் துண்டுகளே அவருக்குத் துணி. கப்பலுக்கும் வீட்டுக்கும் பூசும் வர்ணமே சாயம். அட்டை கோணலாக இருப்பின், அந்தக் கோணலுக்கேற்பக் கடலையும் கப்பலையும் அமைப்பார். அளவுப்பொருத்தம் பார்ப்பதில்லை, தமக்கு முக்கியமெனத் தோன்றியதே பெரிதாயிற்று. 1928-இல் நிக்கல்சனும் கிறிஸ்டோபர் வுட் என்னும் ஓவியரும் தெருவழியே செல்லுகையில் அவர் வீட்டினுள் இப்படங்களைக் கண்டு வியந்து நின்றனர். அதன்பின் ஈட் தபால் மூலம் வாங்கத் தலைப்பட்டார். பழந்தாளிற் சுற்றிக் கயிற்றாற் கட்டிய மூட்டைகள் வரும். ஒரு மூட்டையில் அறுபது படங்கள்வரை இருக்கும். அளவுக்குத் தக்கபடி ஒன்று, இரண்டு, மூன்று ஷில்லிங் விலை.

கேட்ட விலை கொடுக்கப்பட்டது, அதிற் குறையில்லை. ஆயின் 1942-இல் வாலிஸ் இறந்தது மாட்ரன் என்னுமிடத்து ஏழைகள் விடுதியில். ஏழையர் பொதுக்குழியில் இடப்படாதவாறு நண்பர்கள் தலையிட்டுத் தடுத்தனர். பெர்னார்டு லீச் என்னும் குயவர் செய்த ஓடுகள் அவர் கல்லறையை மூடின. கல்லறைக்குக் கிடைத்த கவனிப்பு, கண் திறந்திருந்த காலத்து அந்த விடுதிவாசத்தைத் தவிர்க்கக் கிடைக்கவில்லையே என்று நம் நெஞ்சு கேட்கத்தான் செய்கிறது. ஈட்டைப் புகழ வந்தோம் என்பதற்காக இதனை மறைப்பது முறையன்று.

1936-இல் ஈட் உடல்நலங் குன்றி வேலையை ராஜீனாமாச் செய்தார். மனைவி ஹெலனுடன் மொராக்கோ நாட்டு டாஞ்சியர் சென்று வீடு கட்டினார். ஜிப்ரால்ட்டர் படைத்தளத்துச் சிப்பாய்கள் விடுமுறையில் வந்து இளைப்பாற அவ்வீட்டிற் இடங்கொடுத்தார். பிறர் வந்து தங்கும் வீடு என்னும் எண்ணம் அங்கேயே முளைத்துவிட்டது எனலாம். பிறகு சில ஆண்டுகள் பிரான்சில். 1956-இல், அறுபது வயது கடந்த நிலையில், இங்கிலாந்து திரும்பினார். பெரிய மாளிகை ஒன்று கிடைக்குமா என்றே முதலில் தேடினார். கிடைத்ததோ கேம்பிரிட்ஜ் நகரில் இடிந்துகிடந்த நான்கு சிறு குடில்கள்! அவற்றையே ஒன்றாக இணைத்து வீடாக்கினார். அதுவே கெட்டில்ஸ் யார்டு.

1957 முதல், சர்வகலாசாலை நடக்கும் பருவத்தில், பிற்பகல்தோறும் அவ்வீட்டுக் கதவு வருவோர்க்குத் திறந்திருந்தது. மணியை அடித்தால் ஈட்டே வந்து அழைத்துச் செல்வார். படங்களின் கீழ்ப் பெயர்ச்சீட்டு இல்லை. யாருடையது, என்ன விலை பெறும் என்று அறியாமலே பார்க்கவேண்டும். நாற்காலியில் அமர்ந்தால் கண்மட்டத்திற்கு வரும்படி சில படங்களைத் தாழ மாட்டியிருந்தார். கடற்கரையிற் பொறுக்கிய உருண்டைக் கூழாங்கற்கள் எழுபத்தாறு, பெரியதிலிருந்து சிறியதாகச் சுருள்வட்டமாய் மேசைமேல் அமைந்தன. ஸ்பெயின் தேசத்து மிரோவின் படமொன்றில் மஞ்சட் புள்ளி ஒன்று உண்டு. அதற்கெதிரே வெள்ளீயத் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். பெருவிலைப் படத்துக்கும் சந்தைப் பழத்துக்கும் அவ்வீட்டில் ஒரே மரியாதை. இது விளையாட்டன்று, பெருங்கொள்கை.

அன்றியும், மாணவர்களுக்குப் படங்களை இரவலாகக் கொடுத்து, அவரவர் அறைச்சுவரில் மாட்டிக்கொள்ளச் செய்தார். களவு போமே, கறை படுமே என்றஞ்சிப் பூட்டி வைக்கும் நம் புத்தகசாலைக்காரர் சிலர் இதைக் கேட்டு நாணக்கடவர்.

குறையும் உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு ஓய்வுள்ளவர் யார்? மாணவர், ஆலைத் தொழிலாளி அல்லர். மேலும், நாள்தோறும் அந்நியர் நுழையும் வீட்டில் வாழ்வது எவ்வளவு சிரமம் என்பதை இல்லத்தரசியரைக் கேட்டால் தெரியும். வந்தவர்க்குத் தேநீரும் வாட்டிய ரொட்டியும் தந்த அவ்வீட்டின் புகழ் முழுவதும் ஈட்டின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஹெலனின் பெயர் ஓரத்தில் நிற்கிறது. ஆடவர் வரலாறெழுதும் வழக்கம் அங்கும் இப்படியே போலும்.

1966-இல் வீட்டையும் அதனுள் இருந்த யாவற்றையும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு வழங்கினார், விற்கவில்லை. 1970-இல் லெஸ்லி மார்ட்டின் என்னும் சிற்பநூல் வல்லுநரின் திட்டப்படி வீடு விரிவாயிற்று. 1973-இல் இருவரும் எடின்பரோ சென்றனர். ஹெலன் 1977-இலும், ஈட் 1990-இலும் மறைந்தனர்.

வாலிஸின் கப்பல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் அவ்வீட்டுக்குச் சொந்தம். மாணவர்க்குப் படம் இரவல் கொடுக்கும் வழக்கமும் நின்றுவிடவில்லை. வருவோர் மணியடித்தே உள்ளே செல்கின்றனர். வெள்ளீயத் தட்டிலுள்ள எலுமிச்சம்பழம் வாடிவிட்டால், புதிய பழமொன்றை வாங்கி வைக்கிறார்கள்.