டிரைப்பின் மெழுகுத்தாளும் நண்பரின் டி70உம்

சென்ற மார்கழியில் ஒரு காலைப்பொழுது. திருவரங்கம் இராஜகோபுரத்தின் எதிரே, தெருவோரத்தில், நண்பர் தம் காமிராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தார். நிக்கான் டி70. 2004ஆம் ஆண்டு வெளிவந்தது, ஆறு மெகாபிக்ஸல். உடன் வந்திருந்த மாணவர் தம் கைபேசியை உயர்த்திக் காட்டி, "ஐயா, இதில் ஐம்பது இருக்கிறது" என்றார். நண்பர் நிமிராமலேயே, "இருக்கட்டும் தம்பி. இது எங்கே பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த விடை என்னை 1858ஆம் ஆண்டுக்கு இழுத்துச் சென்றது.

காப்டன் லின்னேயஸ் டிரைப் கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்தவர். 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் தொடங்கி நான்கைந்து மாதங்கள் அவர் மேற்கொண்ட பயணத்தில் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்கள் அடங்கும். மலைக்கோட்டைப் பாறையையும் அரங்கத்து மண்டபங்களையும் அவர் எடுத்த படங்கள் 1858இலேயே தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. அன்று அவர் கண்ட திருவரங்கத்தில் இப்போதுள்ள இராஜகோபுரம் இல்லை. முற்றுப்பெறாத கல்லடித்தளம் மட்டுமே நின்றது. அதன்மேல் 236 அடி உயரத்திற்குக் கோபுரம் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1987இல்தான். நண்பர் அன்று படமெடுத்துக்கொண்டிருந்ததும் அந்த அடித்தளத்துக் கற்களையே.

டிரைப் கொண்டுவந்த கருவிக்கு வருவோம். 1851இல் இரண்டு முறைகள் அறிமுகமாயின. ஒன்று, பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே செப்பனிட்ட மெழுகுத்தாள் முறை. மற்றொன்று, ஆங்கிலேயர் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சரின் ஈரக் கண்ணாடித்தகட்டு முறை. கண்ணாடியில் வரிகள் கூர்மையாக விழும். காத்திருக்கும் நேரமும் குறைவு. சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் கண்ணாடி வென்றுவிட்டது. தாள், இன்றைய வழக்கில் சொன்னால், பழைய மாடல் ஆகிவிட்டது.

கண்ணாடி முறையையும் அறிந்தவரான டிரைப், தம் பெரும் படங்களுக்குத் தாளையே எடுத்தார். காரணம் நம்மூர் வெயில். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். திருச்சி வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதைத் திருச்சிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை! மெழுகுத்தாளையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம், படமெடுத்தபின் ஆற அமரக் கழுவலாம், உடையாது, எடையும் குறைவு. அக்காலத்தில் படத்தைப் பின்னர் பெரிதாக்கும் வழக்கம் இல்லை. படம் எவ்வளவோ தகடும் அவ்வளவு. ஏறத்தாழ 10க்கு 15 அங்குல அளவில் நூற்றுக்கணக்கான கண்ணாடிகளை ஊர் ஊராகச் சுமப்பதை எண்ணிப் பாருங்கள்.

தாளுக்குக் குறைகளும் உண்டு. இழைகளால் படம் சற்றே மென்மையாகும். நீல ஒளிக்கு அம்மருந்து மிகையாக இணங்குவதால் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? எதிர்மறைத் தாளின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். அதுவும் ஒரு பொய்தான். ஆனால் எங்கே, எவ்வளவு என்பது அவர் கைக்குத் தெரிந்த பொய்.

அவர் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இச்செலவு தேவையற்றது என்று நிறுத்தினார். பிறகு 1867-68இல் எட்மண்ட் டேவிட் லயன் இதே ஊர்களைப் படமெடுக்க வந்தபோது கண்ணாடித் தகடுகளே கோலோச்சின.

நண்பரின் நிக்கான் பற்று வேறு கதை. 1959இல் அந்நிறுவனம் வகுத்த லென்ஸ் பொருத்தும் வளையத்தைத் தன் எஸ்.எல்.ஆர். காமிராக்களில் மாற்றவே இல்லை. அவர் தந்தையார் ஃபிலிம் காலத்தில் வாங்கிய லென்ஸும் டி70இல் பொருந்துகிறது. கேனன் 1987இல், ஆம், கோபுரம் முடிந்த அதே ஆண்டில், வளையத்தை மாற்றியது. பழைய லென்ஸ்கள் வைத்திருந்தோர் வருந்தினர். கொனிகா மினோல்டாவோ 2006இல் கடையையே கட்டிவிட்டது. விசுவாசம் என்று நாம் சொல்வதில் பாதி, அலமாரியில் இருக்கும் லென்ஸ்களின் கணக்கு.

பழைய சி.சி.டி. உணரியின் வண்ணத்திற்கு ஈடில்லை என்று அன்பர்கள் சிலர் சத்தியம் செய்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வண்ணத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை வடிகட்டியும் மென்பொருளுமே. நண்பரும் வண்ணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் கவலை கல்வெட்டு எழுத்து. தேய்ந்த எழுத்தைக் கைபேசி தானாகவே மெழுகிச் சீராக்கிவிடுகிறது. கல்லின் பொரிவு எது, உளியின் கோடு எது என்பது மறைந்துபோகிறது. கைபேசியிலும் ரா கோப்பாக எடுக்கலாமே என்றேன். "எடுக்கலாம், யார் எடுக்கிறார்கள்?" என்றார்.

2006இல் சிற்றூர்க் கோயில் ஒன்றின் அதிட்டானத்தில் பதினான்கு வரிக் கல்வெட்டு ஒன்றை இதே டி70இல் அவர் எடுத்தார். நானும் உடனிருந்தேன். ஒன்பதாம் வரியில் ஓர் ஊர்ப்பெயர். அதன் நடு எழுத்து ளகரமா ழகரமா என்று இருவரும் வாதிட்டோம். அடுத்த முறை மைப்படி எடுப்போம் என்று திரும்பினோம். அடுத்த முறை சென்றபோது திருப்பணி முடிந்திருந்தது. சுவர் முழுவதும் மணல் வீச்சுப் பட்டு வழவழப்பாக இருந்தது.

அந்தக் கோப்பு இப்போதும் அவர் கணினியில் இருக்கிறது. என்னிடமும் ஒரு படி உண்டு. ஒன்பதாம் வரியைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் நான் ளகரம் என்கிறேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.