கோப்பை கோவைக்கு, அழைப்பு கொல்கத்தாவுக்கு

தருவைகுளத்திலிருந்து பேசுறேன். எங்க தூத்துக்குடி கடற்கரை ஊர்கள்ல ஒரு கால்பந்து டோர்னமென்ட் நடத்தணும்னா, கமிட்டியில முதல்ல வர்ற கேள்வி, "எந்த டீமைக் கூப்பிட்டா கூட்டம் வரும்?" எந்த டீம் நல்லா ஆடுதுங்கிறது அடுத்த கேள்விதான். விளக்கு, பந்தல், பரிசுத்தொகை எல்லாத்துக்கும் காசு வேணுமே! ஊர் டோர்னமென்ட்டில் இது நியாயமான கேள்வி. ஒரு நாட்டின் முதன்மை லீக்கே இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? அந்த வரலாற்றைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

இந்த வழக்கத்தை வெளிப்படையாகவே வைத்திருந்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம். கல்லூரி அணிகளின் சீசன் முடிந்ததும் 'பௌல்' என்ற அழைப்புப் போட்டிகள் நடக்கும். முதலாவது 1902-ல், கலிபோர்னியாவின் பாசடீனா நகர மலர்த் திருவிழாவை ஒட்டி நடந்தது. வெளியூர் ரசிகர்கள் வந்தால் ஹோட்டல் நிறையும், கடையில் வியாபாரம் நடக்கும். அதனால் ரசிகர்களைக் கூட்டிவரும் அணிக்கு மவுசு அதிகம். டிக்கெட் விற்கும் பொறுப்பும் அணியின் தலையில்தான். 2011 ஃபியஸ்டா பௌலுக்குப் போன கனெக்டிகட் பல்கலைக்கழகம் 17,500 டிக்கெட்டுகளுக்குப் பொறுப்பேற்றது. பெரும்பகுதி விற்கவே இல்லை.

நம்ம நாட்டிலும் பெரிய போட்டிகளுக்கு அழைப்பு என்பது பழைய வழக்கம். 1911-ல் மோகன் பகான் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. அந்த ஆட்டத்தைப் பார்க்க சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. அந்தப் பெயர்தான் 1923-ல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பைக்கு அவர்களை அழைத்துப் போனது. இறுதி ஆட்டம் வரை போய் டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரியிடம் தோற்றார்கள். ஆக, பெயரும் கூட்டமும் சும்மா வந்ததில்லை, ஆடிச் சம்பாதித்தவை. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் மோதியபோது சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,781 பேர் இருந்தார்கள்!

இப்போ நம்ம தமிழ்நாட்டுக் கதைக்கு வர்றேன்.

2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். கட்டணம் கட்டிச் சேரும் லீக். ஐ-லீக்கில் ஜெயித்தால் அதற்குள் போகலாம் என்ற வழி அப்போது கிடையாது. அந்த ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்.சி. ஆடியது. பெயர் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: 2016-17-ல் சென்னை சிட்டி ஐ-லீக்குக்குள் வந்ததும் கீழ்ப்பிரிவில் ஜெயித்து அல்ல, நேரடி நுழைவில்தான்.

2019 மார்ச் 9. சீசனின் கடைசி நாள். கோவையில் மினர்வா பஞ்சாப் முதல் கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்காலும் வேறொரு மைதானத்தில் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒரு கோல், கௌரவ் போரா இரண்டு கோல். ஆட்டம் 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் தமிழ்நாட்டுக்கு!

அடுத்த ஆண்டே ஐ.எஸ்.எல். கதவு திறந்தது. மோகன் பகான், ஏ.டி.கே.-யோடு இணைந்து உள்ளே போனது. ஈஸ்ட் பெங்கால் புதிய முதலீட்டாளரோடு போனது. அந்த ஒரு புள்ளியில் முந்திய சாம்பியன் வெளியிலேயே நின்றது. ஆசியக் கூட்டமைப்பு மட்டும் பட்டத்தை மதித்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில், பஹ்ரைனின் ரிஃபா அணியோடு சென்னை சிட்டி மோதித் தோற்றது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கொல்கத்தா ரசிகர் பட்டாளம் ஐ.எஸ்.எல்.-க்கு வந்த அந்த சீசன் முழுக்க, கொரோனாவால் கோவாவில் பார்வையாளர் இல்லாமலே நடந்தது. ஐ.எஸ்.எல்.-இன் முதல் கொல்கத்தா டெர்பியை, 2020 நவம்பர் 27-ல், காலி இருக்கைகள்தான் பார்த்தன. ஈஸ்ட் பெங்கால் அந்த முறை 11 அணிகளில் ஒன்பதாவது, அடுத்த முறை கடைசி. ஆனாலும் இடம் போகவில்லை, ஏனென்றால் கீழே இறக்கும் விதியே இல்லை. சென்னை சிட்டியின் பெயரோ 2021-22 ஐ-லீக் பட்டியலிலேயே இல்லை.

கூட்டத்தைப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. லட்சம் பேர் நேசிக்கும் கிளப் இல்லாமல் ஒரு தேசிய லீக் முழுமையாகாது. ஆனால் புதிய ஊரில் கூட்டம் எப்படி உருவாகும்? ஜெயிக்கும் அணி மேலே ஏறுவதைப் பார்த்துத்தானே! ஏணியை எடுத்துவிட்டு, 'உங்களுக்கு ரசிகர்கள் இல்லையே' என்றால் எப்படி?

2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு ஒப்புதல் தந்த திட்டத்தில் அந்த ஏணிக்கு இடம் கிடைத்தது. 2022-23 ஐ-லீக் சாம்பியன் கட்டணமில்லாமல் மேலே போகலாம் என்றது அது. பஞ்சாப் அணி அப்படித்தான் ஐ.எஸ்.எல்.-க்குள் நுழைந்தது. முன்பு மினர்வா பஞ்சாப் என்ற பெயரில், கோவையில் அன்றைக்கு 3-1 என்று தோற்றதே, அதே கிளப்தான். நான்கு சீசன் முன்னால் இந்த விதி இருந்திருந்தால் உள்ளே போயிருக்க வேண்டியது, அவர்களைத் தோற்கடித்த அணி.