மின்னிலக்கத் தொலைக்காட்சி

மலேசியத் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கப்பட்டது. அன்று தொட்டுப் படமும் ஒலியும் ஏறி இறங்கும் அலைகளாகவே நம்மிடம் வந்தன. குன்று மறைத்தாலோ, நிலையம் தொலைவானாலோ படத்தில் புள்ளிகள் சிதறும். நாமும் ஏரியலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம்.

மின்னிலக்க முறையில் அதே படம் 0, 1 என்னும் எண்களாக்கப்பட்டு வானலையில் ஏறிவருகிறது. படத்தில் மாறாத பகுதியை மீண்டும் மீண்டும் அனுப்பாமல் சுருக்கிவிடுவதால், முன்பு ஓர் அலைவரிசை பிடித்த இடத்தில் இன்று பல அடங்குகின்றன. வழியில் சில எண்கள் சிதைந்தாலும் கருவியே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். அளவுமீறிச் சிதைந்தாலோ, மங்கிய படமும் இராது, படமே நின்றுவிடும்.

'மைஃப்ரீவியூ' என்னும் இலவச மின்னிலக்கச் சேவை 2017 ஜூனில் தொடங்கியது. பழைய ஒளிபரப்பு 2019 ஜூலையில் லங்காவியில் முதலில் நிறுத்தப்பட்டது. அக்டோபர் 31இல் நாடெங்கும் முடிவுற்றது.

அதனால் பழைய பெட்டியை வீசிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. எண்களைப் படமாக்கும் டிகோடரையும் ஏற்ற ஏரியலையும் இணைத்தால் போதும். மாதக் கட்டணமும் இல்லை. புதியது வாங்குமுன் விவரம் கேட்டறிவோம். வியர்வை சிந்திய காசை வீணாக்காதிருப்போம்.